ஏழாம் பூதத்தின் பெயர்

ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போவதாகத்தான் முதலில் பேச்சு. அங்கே சுவர் மராமத்து நடக்கிறது, கூட்டமாக வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அமிர்தலிங்கம் சார் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாற்பது பேரையும் இரண்டிரண்டாக நிறுத்தி, மூன்று மைல் தள்ளியிருந்த மொட்டைக் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்.

1984ஆம் வருடம், மாசி மாதம். நாற்பது பேரும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருடம் படிப்பவர்கள். கிராமத்து ஆரம்பப் பள்ளியில் பத்து நாள் தங்கி, தெருக் கூட்டி, குழி வெட்டி, கூட்டுச் சமையல் செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நாலு விளையாட்டும் கற்றுக்கொண்டால்தான் குடிமைப் பயிற்சி முகாம் முடிந்ததாக அர்த்தம். முகாம் முடிக்காதவனுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவனுக்கு வாத்தியார் வேலை கிடையாது. இது மற்ற முப்பத்தொன்பது பேரையும்விட அரியமுத்துவுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் எறையூர்ப் பக்கம். அம்மா செங்கமலம் கரும்பு வெட்டப் போகிறவள். அப்பா இல்லை. அந்தக் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை அவனுடையது. அரியமுத்து என்கிற பெயரே பள்ளிக்கூடம் கொடுத்ததுதான். செங்கமலத்துக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவன் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டு ஆண்டாயியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டாள். இது என் பிள்ளை இல்லை, அடுத்தவள் பிள்ளை என்று சாவுக்குக் கண்ணைக் கட்டுகிற வழக்கம் அது. மறுநாள் அதே ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிள்ளை தங்கியது. தவுடன் என்ற பெயரும் தங்கிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, இதெல்லாம் ஒரு பெயரா என்று தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டு, ரெஜிஸ்டரில் அரியமுத்து என்று எழுதினார்.

அன்றையிலிருந்து அவனுக்குத் தவுடனைப் பிடிக்காது. முகாமுக்குக் கிளம்பும்போதுகூட, கடைசி நாள் பெற்றோர் விழாவுக்கு வரப்போகிற அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

"பசங்க முன்னாடி அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாத. மானம் போயிரும்."

"சொல்லலடா சாமி," என்றாள் செங்கமலம். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்று அவனாக நினைத்துக்கொண்டான். பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள்.

மொட்டைக் கோட்டையில் கோட்டை என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. ஆள் உயரத்துக்கு உடைந்த மதில், நடுவில் பெரிய முற்றம், வடக்கு மூலையில் கூரை விழாமல் நின்ற ஒரு நெல் கொட்டாரம், அதன் மாடக்குழியெல்லாம் புறாக்கள். முற்றத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. மதிலுக்கு வெளியே ஒரு மந்தை ஆடு மொட்டைத் தரையை நக்கிக்கொண்டிருக்க, உள்ளே இவ்வளவு புல் மேயாமல் கிடக்கிறதே என்று கொளஞ்சி மட்டும் கேட்டான். கொளஞ்சி அரியமுத்துவின் பக்கத்துப் பாய்க்காரன். எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பவன். அதனால் யாரும் பதில் சொல்லவில்லை.

விளையாட்டு சார் சொந்தமாகக் கண்டுபிடித்தது. அதில் அவருக்குப் பெருமை அதிகம். கோட்டைக்குள் இளவரசியின் சிலம்பு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. முப்பத்துமூன்று பேர் அதைத் தேடி வரும் வீரர்கள். ஏழு பேர் காவல் பூதங்கள். பூதம் தன்னைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் கைக்கு எட்டுகிற வீரனைத் தொடலாம். தொடப்பட்டவன் மார்பில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைக் கழற்றிப் பூதத்திடம் கொடுத்துவிட்டு, முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்த வட்டத்தில் உட்கார வேண்டும். பழைய பூதம் அந்த அட்டையைக் குத்திக்கொண்டு, அந்தப் பெயரிலேயே வீரனாக வெளியே போய்விடும். விளையாட்டு முடிகிறவரை அட்டையில் இருப்பதுதான் பெயர். கடைசியில் நீள விசில் ஊதியதும் அட்டை எண்ணைச் சொல்லி ஆள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

"பூதமா இருக்கறவன் அட்டைய சட்டைப்பையில போட்டுக்கணும்," என்றார் சார். "பூதத்துக்குப் பேர் கெடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். அரியமுத்துவும்தான்.

ஏழாம் பூதம் அவன். முகமூடியை அவனே செய்திருந்தான். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, கவிழ்த்த பானைமேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, கரியும் செங்காவியும் பூசி, சோளத்தட்டையில் பல் வைத்தது. ஏழு முகமூடியில் இதுதான் பார்க்கப் பூதம் மாதிரி இருக்கிறது என்று சார் சொன்னதில், இரண்டு நாளாக அவன் நடையே கொஞ்சம் மாறியிருந்தது. இவ்வளவு பயங்கரமான பூதத்தை நடு முற்றத்தில் வைக்கக் கூடாது என்று அவனை நெல் கொட்டாரத்துக்குள் அனுப்பினார்கள். எதிர் மூலையில், இடிந்த மேடைமேல், ஆறாம் பூதமாகக் கொளஞ்சி.

கொட்டாரத்துக்குள் வௌவால் புழுக்கை நாற்றம். வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே நிழல் குளிர்ந்து கிடந்தது. தரையின் நடுவில் சதுரமாக ஒரு திறப்பு. அதிலிருந்து கீழே நெல் கொட்டி வைத்த நிலவறைக்குப் படிகள் இறங்கின. சார் திறப்பைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டு, இது உன் இடம், படியில் இறங்காதே, பூச்சி பொட்டு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்த வீரனும் வரவில்லை. வெளியே ஓட்டமும் சிரிப்பும் கேட்டன. முகமூடிக்குள் வியர்த்து வழிந்தது. யாராவது ஒருவன் வந்து மாட்டினால் இவனும் வெளியே போய் ஓடலாம். அவன் முகமூடியைக் கழற்றித் திறப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

முகமூடி உள்ளே விழுந்துவிட்டது.

காற்று இல்லை. அவன் கையும் படவில்லை.

படிகளில் தட்டித் தட்டி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அரியமுத்து எட்டிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. நல்ல முகமூடி, பெற்றோர் விழாவில் வேறு காட்ட வேண்டும். எண்ணிக்கொண்டே இறங்கினான். பதினொரு படிகள். கீழே தரை மெத்தென்று இருந்தது. மட்கிய உமி வாசனை. ஒரு பக்கச் சுவரில், தலை உயரத்தில், காற்றுக்கென்று முற்றத்துத் தரையை ஒட்டி விட்ட கை அகலப் பொந்து. அதன் வழியாக ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது.

வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் யாரோ முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யார்ரா அது? கொளஞ்சியா?"

ஒரு கை நீண்டு அவன் மணிக்கட்டைத் தொட்டது. பானைத் தண்ணீரில் ஊறிய கை மாதிரி சில்லென்று இருந்தது.

"தொட்டாச்சு," என்றது அது. கிசுகிசுப்பான குரல். "பேரக் குடு."

அரியமுத்துவுக்குச் சிரிப்புதான் வந்தது. அவனை ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று முதல் நாள் ராத்திரிதான் கொளஞ்சி சவால் விட்டிருந்தான். இது செல்லாது, நானும் பூதம்தான் என்று வாதாடிப் பார்த்தான்.

"முகமூடி எங்கிட்ட இருக்கு."

அதுவும் நியாயம்தான். முகமூடி வைத்திருப்பவன்தான் பூதம். முகமூடி இல்லாமல் வந்து மாட்டியவன் இவன்தான். வேறு யாராவதாக இருந்தால் போடா என்று சொல்லிவிட்டு மேலே ஏறியிருப்பான். அரியமுத்து விதி என்றால் விதி என்று நிற்பவன். நாளைக்கு வாத்தியாராகப் போகிறவன் இல்லையா. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான். அரியமுத்து, வரிசை எண் 27. எடுத்து அந்தக் கையில் வைத்தான். முகமூடி இவன் கைக்கு வந்தது. மாட்டிக்கொண்டான்.

அது எழுந்து படியேறிப் போயிற்று. மேலே வெளிச்சம் அதன் முதுகில் விழுந்தபோது அரியமுத்து பார்த்தான். வெள்ளைச் சட்டை. தோள்பட்டையில் ஒரு கிழிசல். வெள்ளை நூல் கிடைக்காமல் நீல நூலில் போட்ட தையல்.

அந்தத் தையலைப் போட்டது செங்கமலம். அதே சட்டைதான் இப்போது இவன் உடம்பிலும் இருந்தது.

அவன் பொந்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். முற்றத்தின் எதிர் மூலையில், மேடைமேல், ஆறாம் பூதம் தன் வட்டத்துக்குள் குந்தியிருந்தது. அது முகமூடியைத் தூக்கி மூக்கைச் சொறிந்தது. கொளஞ்சிதான். அவன் இடத்தைவிட்டு அசையவே இல்லை.

நீள விசில் ஊதியது.

அரியமுத்து படியேறினான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஓடினான். பத்தாவது படியில் தலைக்கு மேல் வெளிச்சம் தெரிந்தது. பதினொன்றாவதில் காலை வைத்தான்.

மெத்தென்று இருந்தது. மட்கிய உமி. நிலவறையின் தரை.

திரும்ப ஏறினான். திரும்பவும் பதினொன்று. திரும்பவும் உமி. நாலாவது தடவை உட்கார்ந்தபடி, ஒவ்வொரு படியையும் கையால் தடவிக்கொண்டு ஏறினான். கடைசிப் படியைத் தடவிய கையில் உமிதான் ஒட்டியது.

வெளியே சார் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அவன் பொந்துக்கு ஓடினான். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஆளுக்கு ஆள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"இருபத்தேழு."

அவன் குரல். அவன் சொல்லுகிற மாதிரியே, ழகரத்தை ஒழுங்காக உச்சரித்து. வெயிலில் அவன் முகம் நின்றது. சிரித்துக்கொண்டிருந்தது. ஏழாம் முகமூடி எங்கே என்று சார் கேட்டதற்கு, நிலவறையில் விழுந்துவிட்டது என்று பணிவாகப் பதில் சொன்னது.

"சார்! நான்தான் அரியமுத்து! இங்க இருக்கேன் சார்!"

கத்தினான். அவன் காதுக்கே அது பேச்சாகக் கேட்கவில்லை. தொண்டையிலிருந்து வந்தது வேறு ஏதோ ஒரு குமுறல். கொளஞ்சி மட்டும் பொந்துப் பக்கம் திரும்பினான்.

"எத்தன புறா பாரேன்," என்றான் பக்கத்தில் நின்றவனிடம்.

வரிசை கிளம்பிப் போய்விட்டது.

அவன் முகமூடியைக் கழற்றப் பார்த்தான். கயிறு இருந்தது. முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் முகமூடியின் ஓரம் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. கன்னம் சொரசொரப்பாக, காகிதமாக இருந்தது. கழுத்து வரை அப்படித்தான் இருந்தது. மூச்சு விட்டால் புளியங்கொட்டைப் பசை நாறியது.

அதற்குப் பிறகு அவனுக்குப் பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. பொந்து வெளுக்கும், கறுக்கும். ஒரு ஆசை மட்டும் வலது கையில் ஊறிக்கொண்டே இருந்தது. யாரையாவது தொட வேண்டும். விதி ஒன்றுதானே? தொட்டால் அவன் உள்ளே, இவன் வெளியே. மறுநாள் மத்தியானம் கொளஞ்சி மறந்துபோன சுண்ணாம்பு டப்பாவை எடுக்க வந்தான். திறப்பின் ஓரத்தில் நின்று, கீழே எட்டிப் பார்த்து, காலைப் படியில் வைத்தான். இருட்டுக்குள்ளிருந்து அரியமுத்துவின் கை தானாக எழுந்தது. கொளஞ்சியின் கணுக்காலுக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது, முகமூடி கிடக்கட்டும் சனியன் என்று சொல்லிக் கொளஞ்சி காலை எடுத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு அரியமுத்து வெகு நேரம் அழுதான். தப்பிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் இல்லை. தொட்டிருப்பான், அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

நாலு நாள் கழித்து முகாமின் பத்தாம் நாள் வந்தது. முகாமில் கற்ற விளையாட்டை அதே கோட்டையில் பெற்றோருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. மூன்று மாட்டு வண்டிகளில் அப்பன் ஆத்தாமார்கள் வந்து இறங்கினார்கள். அரியமுத்து பொந்தைவிட்டு நகரவில்லை. மூன்றாவது வண்டியிலிருந்து செங்கமலம் இறங்கினாள். இருக்கிறதில் நல்ல சேலை. கையில் தூக்குவாளி.

அட்டை குத்திய அது போய் அவள் கையைப் பிடித்து இறக்கியது. வெயில் படாமல் துண்டைத் தலைக்குப் போட்டுவிட்டது. எல்லார் முன்னாலும் அம்மா, அம்மா என்றது. அரியமுத்து ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பார்த்தவர்கள் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். செங்கமலம் சிரித்தாள். ஆனால் மகன் பிடித்த கையை இன்னொரு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள், குளிருக்குத் தேய்ப்பதைப் போல.

விளையாட்டு நடக்கும்போது அவள் நிழல் தேடிக் கொட்டாரத்துப் பக்கம் வந்தாள். அது கூடவே வந்தது. வாசல் வரைக்கும்தான். நீ போய் உட்காரும்மா என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டது.

செங்கமலம் உள்ளே வந்தாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"கருவாட்டுக் கொழம்ப மோந்துகூடப் பாக்கலியே. என்னாச்சு என் தவுடனுக்கு."

நிலவறைக்குள் அரியமுத்துவின் தொண்டை திறந்துகொண்டது. நாலு நாளாகக் குமுறலாக வந்த குரல் குரலாக வந்தது.

"அம்மா."

அவள் திறப்பின் பக்கம் வந்து மண்டி போட்டாள். பயந்துபோய்த்தான் வந்தாள், ஆனாலும் வந்தாள்.

"யாரு?"

"தவுடன்மா."

"அப்ப வெளிய நிக்கிறது?"

"தெரியலம்மா. எம் பேர வாங்கிட்டுப் போயிருச்சு."

"பேரக் குடுத்தியா நீ?"

"விளையாட்டும்மா. விளையாட்டுக்குத்தான் குடுத்தேன்."

செங்கமலம் குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டாள். கையக் குடுடா, மேல இழுத்துர்றேன் என்றாள். கரும்புச் சோகை கிழித்த தழும்பெல்லாம் இருந்த அந்தக் கை அவன் முகத்துக்கு நேரே, இருட்டில், விரலை விரித்துக்கொண்டு துழாவியது.

அவன் வலது கை எழுந்தது.

அவன் அதை இடது கையால் பிடித்தான். நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மடக்கி, சுவரோடு சாய்ந்து, உடம்பால் அழுத்தினான்.

"தொடாதம்மா. தொட்டா நீ உள்ள வந்துருவ. எடுத்துரு. கைய எடுத்துரும்மா."

அவள் கை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக மேலே போயிற்று. வாசலில் நின்ற அது, என்னம்மா பேச்சுச் சத்தம் என்று கேட்டது. புறாவ வெரட்டுறேன் என்றாள் செங்கமலம். அந்தக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. குனிந்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி, உள்ளே சொன்னாள்.

"இருடா. வந்துர்றேன்."

தூக்குவாளியை மேல்படியில் வைத்துவிட்டுப் போனாள். பொந்து வழியே அவன் பார்த்தான். விழா முடிந்து வண்டிக்குப் போகும்போது அது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நாலடி பின்தங்கி நின்று, செங்கமலம் கூப்பிட்டாள்.

"தவுடா."

அது திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்து போயிற்று. செங்கமலம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அதன் பின்னாலேயே போய் வண்டியில் ஏறினாள்.

இரண்டு நாள் அவள் அதோடு ஒரே கூரைக்கடியில் இருந்தாள். அதை அவள் பிறகு யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. அது ராத்திரியெல்லாம் விளக்கே இல்லாமல் புத்தகம் படித்தது என்பதை மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் கொட்டாரத்து வாசலில் நிழல் விழுந்தது. செங்கமலம் தனியாக வந்திருந்தாள். இடுப்பில் முறம். மடியில் மூட்டை. மூட்டையை அவிழ்த்து ஒரு படி தவிட்டை முறத்தில் கொட்டி, திறப்பின் ஓரத்தில் வைத்தாள்.

"ஆண்டாயி வூட்டுத் தவிடு," என்றாள், அவனிடம் இல்லை, இருட்டிடம். "அன்னிக்கு இவன வாங்குன அதே வூட்டுத் தவிடு. யாரா இருந்தாலும் சரி. சாவுகிட்ட இருந்தே வாங்கிருக்கேன். தவிட்டக் குடுத்துட்டேன். எம் பிள்ள தவுடனக் குடு."

கொட்டாரத்துப் புறாக்கள் அத்தனையும் வாயை மூடின.

காற்று இல்லை. முறத்திலிருந்து தவிடு வழிந்தது. முதல் படி. இரண்டாம் படி. எறும்புச் சாரையாக அவன் காலைத் தாண்டி, அவனுக்குப் பின்னால், உமி மூலைக்குள் போயிற்று.

அங்கே ஏதோ ஒன்று அதை நக்கித் தின்றது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறினான். ஒன்பது. பத்து. பதினொன்று.

கல் சுட்டது. வெயில் பட்ட கல்.

அவன் சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி வெளியே விழுகிறவரைக்கும் செங்கமலம் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் தொட்டாள். மடியில் அவன் தலையை வைத்து, வேகவைத்த கிழங்குத் தோலை உரிப்பது போல, முகத்திலிருந்து காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். வலித்தது. அவன் வலியிலும் சிரித்தான். இனி அது போயிருக்கும், இல்லையாம்மா என்று கேட்டான். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. காகிதம் உரிந்த முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. யாரு செங்கமலம் இது என்று கேட்டவர்களிடம், ஒறவுக்காரப் பையன், பேரு தவுடன், கரும்பு வெட்ட வந்திருக்கான் என்றாள்.

வீட்டு வாசலில் அது உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை. மடியில் புத்தகம். தெருப் பிள்ளைகள் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் போகல?" என்றான் அவன். "நான்தான் வந்துட்டேனே. ஏம்மா போகல?"

செங்கமலம் அவனைப் புழக்கடைப் பக்கம் இழுத்துப் போனாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான் வாங்குனது தவுடனதான் சாமி. அரியமுத்துவ நீயே உங் கையால குடுத்துட்டியே. அத எப்புடி நான் வாங்குவேன்?"

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? தவுடன் கரும்பு வெட்டப் போனான். சோகை கிழித்த தழும்பு அவன் கையிலும் ஏறியது. நிம்மதியாக ஒரு பொழுதும் அவனுக்கு உறக்கம் வரவில்லை. அரியமுத்து சான்றிதழ் வாங்கினான், வேலைக்குப் பதிந்தான். ஊரே மெச்சியது. அந்த வீட்டுச் சோற்றை மட்டும் அவன் ஒருநாளும் தொடவில்லை. நாள் கிழமையில் அவன் கை தற்செயலாகத் தட்டில் பட்டுவிட்டால், செங்கமலம் அந்தத் தட்டைத் தனியாகக் கழுவுவாள். புளியங்கொட்டைப் பசை வாசனை போகாது.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் தபால்காரர் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, நீளமான அரசாங்கக் கவரை எடுத்தார். வாத்தியார் வேலைக்கான உத்தரவு. தவுடன் அப்போதுதான் வெட்டரிவாளோடு வயலிலிருந்து வந்து வாசலில் நின்றான். கவரின்மேல் எழுதியிருந்த பெயரை அவன் தூரத்திலிருந்தே படித்துவிட்டான். அவன் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது.

"அரியமுத்துங்கறது யாரு?" என்றார் தபால்காரர்.

நான்தான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். வந்தது நிலவறையில் வந்த அதே குமுறல்.

உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டை வந்தது. காட்டிய இடத்தில் அழகான கையெழுத்துப் போட்டது. தபால்காரர் பேனாவை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு, சுற்றுமுற்றும் கூரையைப் பார்த்தார்.

"வூட்டுல புறா வளக்குறீங்களா சார்? சத்தம் பக்கத்துல கேக்குது."

அது கவரைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னது.

"ஒண்ணு இருக்குங்க."